செத்த கடன்

பள்ளிப் பேருந்தின் காலை நடையை முடித்து, வண்டியைப் பணிமனையில் நிறுத்திவிட்டு, குழந்தைகள் இருக்கைக்கடியில் விட்டுப்போன கையுறைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் நாடீன் ஷிமான்ஸ்கி. அப்போதுதான் கறிக்கடை சிக்மண்ட் ஃபோன் செய்தார்.

“என்ன நாடீன், எங்க கடைப் பன்னி எல்லாருக்கும் பிடிச்சுதா?”

“பிடிச்சுதாவா? பேக்கனுக்கு அடிதடியே நடந்துச்சு. ஒரு துண்டு மிச்சம் வைக்கல.”

“சந்தோஷம். பன்னி போயிடுச்சு, உன் செக்கு மட்டும் திரும்பி வந்துடுச்சு.”

நாடீன் சிரித்தாள். சிக்மண்ட் சிரிக்கவில்லை. எப்போதும் தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிக்கிற மனிதர் அவர்.

“பேங்க்ல ஏதோ தப்பு நடந்திருக்கும். நான் இப்பவே போய்ப் பார்க்கறேன்.”

“பாரு. நான் யார்கிட்டயும் சொல்லல. ஸ்டான்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

ஸ்டானிடம் சொல்வதும் தேவாலய மணியை அடிப்பதும் இந்த ஊரில் ஒன்றுதான்.

முந்தின வாரச் சனிக்கிழமை தீயணைப்புக் கூடத்தில் எம்மெட் டார்சிக்காக, சிக்மண்ட் கடையில் வாங்கிய இறைச்சியைப் பரிசாக வைத்து நிதி திரட்டும் குலுக்கல் நடந்திருந்தது. எம்மெட் தீயணைப்புத் தொண்டர் படையில் பதினைந்து வருடம் நெருப்பணைத்தவன். நாற்பதுகூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு நுரையீரலும் தழும்பேறிப் போய்விட்டன. மாற்று நுரையீரலுக்கான வரிசையில் பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால், மூன்று மாதம் க்ளீவ்லாண்டில் தங்குவதற்கும் காப்பீடு தராத மருந்துகளுக்கும் பத்தாயிரம் டாலர் கையில் இருக்கிறது என்று காட்டச் சொல்லியிருந்தது ஆஸ்பத்திரி. வியாழக்கிழமை கடைசி நாள். ஊர் முழுக்கத் திரண்டு வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒற்றை டாலர் நோட்டுகளைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு, பீரும் கையுமாகக் கத்தி, பன்றித் தொடைக்கும் வான்கோழிக்கும் பணத்தைக் கொட்டினார்கள். பதினாலாயிரம் சேர்ந்தது.

அந்தப் பணம் நாடீனின் சொந்தக் கணக்கில் இருந்தது. தீயணைப்புப் படையின் கணக்கில் போட்டால் எடுப்பதற்குப் பொருளாளர் கையெழுத்து வேண்டும். பொருளாளரோ பனிக்குப் பயந்து வருடா வருடம் ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுகிறவர், ஏப்ரலில்தான் திரும்புவார். “என் கணக்குல போடறேன், கொஞ்ச நாள் விஷயம்தானே” என்று அவளாகத்தான் சொன்னாள். யாரும் கேட்கவில்லை. நம்பிக்கையான ஆள் என்று பெயர் எடுத்தவளுக்கு, அந்தப் பெயரை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றும் போலிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் நீதிமன்றத்தில் மஞ்சள் கடுதாசி கொடுத்தது இங்கே ஒருவருக்கும் தெரியாது.

வங்கியில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் திரையைப் பார்த்தாள், மேலாளரைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உங்க கணக்க முடக்கி வச்சிருக்காங்க மேடம். கடன் குடுத்தவங்களோட வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கார்.”

“எந்தக் கடன்? எனக்குக் கடனே கிடையாது.”

பெண் ஒரு பெயரைச் சொன்னாள். நாடீனுக்கு அந்த நிறுவனத்தைத் தெரியாது. தொகையைச் சொன்னதும் தெரிந்துவிட்டது. கூட்டாளி க்ரெய்கோடு சேர்ந்து பீட்சா கடை நடத்திய காலத்தில், அடுப்பு வாங்குவதற்காகத் தேய்த்த கடன் அட்டை. கடை படுத்தது. க்ரெய்க் அரிசோனாவுக்குப் போனான். கடன் அட்டைக்காரர்கள் வழக்குப் போட்டுத் தீர்ப்பும் வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் அவள் திவால் நீதிமன்றத்துக்குப் போனாள். அந்தக் கடனையும் சேர்த்து எல்லாவற்றையும் அங்கே எழுதிக் கொடுத்தாள். இனி இவற்றை யாரும் இவளிடம் கேட்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார். ஆனாலும் கேட்டார்கள். ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு விற்க, புதிது புதிதாகக் குரல்கள் அழைத்துக்கொண்டே இருந்தன. முதல் வருடம் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக உத்தரவின் நகலை அனுப்பினாள். பிறகு அலுத்துப்போய் எண்ணை மாற்றிக்கொண்டாள். அதோடு ஓய்ந்தது என்று நினைத்திருந்தாள்.

“ஆனா இது என் பணமே இல்லையே” என்றாள்.

“உங்க பேர்லதானே இருக்கு மேடம்” என்றாள் பெண். அதைச் சொல்ல அவளுக்கே சங்கடமாக இருந்தது.

வாகன நிறுத்தத்தில், காரின் சூட்டைக் கூட்டி வைத்துக்கொண்டு, பெண் கொடுத்த வசூல் நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்தாள். கீன் என்று ஒருவர் பேசினார். இதமான குரல். பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளும் மண்வெட்டியைக் கடன் கேட்பதுபோல் பேசினார்.

“நாடீன், உங்களப் பிடிக்கறதே பெரும்பாடா போச்சு போங்க.”

“அந்தக் கடன் திவால்ல தீர்ந்து போச்சு. நீதிமன்ற உத்தரவு என்கிட்ட இருக்கு.”

“அப்படியா? அனுப்புங்களேன். எங்க ஆளுங்க பார்த்துச் சொல்லுவாங்க. ஒரு மாசம் ஆகும். கொஞ்சம் கூடவும் ஆகலாம்.”

“ஒரு மாசம் காத்திருக்க முடியாது. அது ஒரு நோயாளிக்காகச் சேர்த்த பணம்.”

“அய்யோ, அப்படின்னா ஒண்ணு செய்யலாம். மொத்தத்துல பாதி, ஒரு மூவாயிரத்தைந்நூறு எங்களுக்கு விட்டுடுங்க. மிச்சத்த நாளைக்கே விடுவிச்சுடறோம். எம்மெட்டுக்கு வியாழக்கிழமைக்குள்ள பணம் காட்டணுமில்லையா? நாங்களும் மனுஷங்கதானே.”

‘ஒரு நோயாளி’ என்றுதான் அவள் சொன்னாள். எம்மெட்டின் பெயரைச் சொல்லவில்லை. வியாழக்கிழமையையும் சொல்லவில்லை.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஊரே பேசுதே நாடீன்” என்றார் கீன். “யோசிச்சுச் சொல்லுங்க. ஆனா சீக்கிரம் யோசிங்க.”

திவாலுக்கு வாதாடிய வக்கீல் விக்டர் பெட்ரூச்சியின் அலுவலகம் ஒரு சலவைக்கடையின் மாடியில் இருந்தது. அவர் உப்பு தூவிய ரொட்டியில் மாட்டிறைச்சியை அடைத்து மேஜையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாடீன் சொல்லச் சொல்ல மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“திருட்டுப் பசங்க. அந்தத் தீர்ப்பு செல்லாது. உத்தரவு வந்த அன்னிக்கே அது செத்துப்போச்சு. செத்த கடனுக்கு நோட்டீஸ் விட்டிருக்கானுங்க.”

“அப்ப பேங்க் எப்படி ஒத்துக்கிச்சு?”

“பேங்குக்கு என்ன தெரியும்? இந்த மாநிலத்துல வக்கீல் கையெழுத்துப் போட்டு அனுப்பினா போதும், கடனுக்கு ரெண்டு மடங்கு தொகை வரைக்கும் கணக்கு முடங்கிடும். நீதிபதிகிட்ட போகணும்னுகூட இல்ல. போக வேண்டியது நாமதான்.” கையைத் துடைத்துக்கொண்டார். “உன் வழக்க மறுபடி திறக்கச் சொல்லி மனு போடறேன். ஜெயிப்போம். அபராதம்கூட வாங்கித் தரலாம்.”

“வியாழக்கிழமைக்குள்ள?”

அவர் ரொட்டியைப் பார்த்தார். “நடக்காதும்மா. வாரக்கணக்கா ஆகும்.”

“வேற வழியே இல்லையா?”

“ஒண்ணு இருக்கு, உறுதி சொல்ல மாட்டேன். இது உன் பணமில்ல, குலுக்கல் கமிட்டியோட பணம்னு உங்க ஆளுங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, நாளைக்கு மாவட்ட நீதிபதி முன்னாடி ஓடிப் பார்க்கலாம். அவர் அன்னிக்கே கேட்டா உண்டு. என்ன முடக்கம், எதுக்கு முடக்கம், உன் திவால் எல்லாம் அந்தத் தாள்ல வரும்.”

“எல்லாரும் படிப்பாங்க.”

“கையெழுத்துப் போடறவங்க படிச்சுட்டுத்தானே போடுவாங்க? இன்னொண்ணு. அவனுங்க என்கிட்ட கடிதத்துல பேசும்போது பூனை மாதிரி இருப்பானுங்க. ஃபோன்ல உன்கிட்ட பேசறதுதான் நிஜம். அடுத்த தடவ பேசும்போது பக்கத்துல யாரையாவது வச்சுக்கோ. பதிவும் பண்ணிக்கோ. உன் சொல்லு மட்டும் இருந்தா இழுத்தடிப்பானுங்க.”

படியிறங்கும்போது நாடீன் மனதுக்குள் கணக்குப் போட்டாள். பதினாலாயிரத்துச் சொச்சத்தில் மூவாயிரத்தைந்நூறு போனாலும் பத்தாயிரத்துக்கு மேலே கொஞ்சம் நிற்கும். சிக்மண்டைக் காத்திருக்கச் சொல்லலாம். குறையும் பணத்தைச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்துவிடலாம். ஒருவரும் அறிய மாட்டார்கள். இப்படி நினைத்து முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. தப்பித்துப் போகிற ஒவ்வொருவனும் முதலில் இதைத்தான் சொல்லிக்கொள்கிறான். எம்மெட்டின் பணத்தை எடுத்துத் தன் கடனை அடைப்பதற்கு வேறு பெயர் கிடையாது.

மறுநாள் சாயங்காலம் தீயணைப்புக் கூடத்தில் கமிட்டி கூடியது. கூடத்தில் இன்னும் குலுக்கல் அன்றைய பீர் வாடை இருந்தது. மடக்கு மேஜையைச் சுற்றி மூன்று பேர்: கமிட்டித் தலைவர் ஸ்டான் மரோஷெக், எம்மெட்டின் மனைவி டெஸ், அவளுடைய தம்பி லோனி. லோனி குலுக்கலின்போது சக்கரத்தைச் சுற்றியவன், கூடத்தையே சிரிக்கவைத்தவன்.

“வா வா, பேங்கர் அம்மா” என்றான் லோனி. “சிக்மண்ட் கத்தியத் தீட்டிக்கிட்டு உன்னைத் தேடறாராம்.”

“லோனி, வாய மூடு” என்றார் ஸ்டான். “உக்காரு நாடீன். என்ன ஆச்சு, சொல்லு.”

நாடீன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பட்டது. முதலிலிருந்து வரிசையாகச் சொன்னாள். கடை படுத்ததை, க்ரெய்க் போனதை, திவாலை, நீதிபதியின் உத்தரவை, வங்கியை, கீனை.

டெஸ்தான் முதலில் பேசினாள். “கடைய வித்துட்டோம்னு சொன்னியே. முட்டி வலின்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

“மஞ்சக் கடுதாசி குடுத்தவ, அடுத்தவங்க பணத்த எதுக்கு உன் பேர்ல போட்டுக்கிட்ட? ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் கணக்குல போட்டிருப்பேனே!”

“தீர்ந்துபோச்சுன்னு நினைச்சேன் டெஸ். சட்டப்படி தீர்ந்துதான் போச்சு.”

“சட்டத்த எம்மெட்டுக்கு மூச்சு விடத் தர முடியுமா?”

ஸ்டான் தொண்டையைச் செருமினார். “அவங்களுக்கு உன் பேங்க் எதுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“அதுதான் எனக்கும் புரியல. திவாலுக்கு அப்புறம் திறந்த கணக்கு இது. கீன்னு ஒருத்தர் பேசினார். நான் சொல்றதுக்கு முன்னாடியே எம்மெட் பேரச் சொன்னார். வியாழக்கிழமையையும் சொன்னார்.”

லோனியின் கை பீர் புட்டியின் மேல் அப்படியே நின்றது.

“கீனா? டக் கீனா?”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஆலைகள் மூடிய பிறகு இந்த ஊரில் வேலை தருவது ஆஸ்பத்திரிகளும் வசூல் ஆபீஸ்களும்தான். லோனி தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பகல் முழுக்க எங்கோ இருக்கிற யாரையோ அழைத்துக் கடன் கேட்கிறவன் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை வைத்து அவனைக் கேலி செய்வதும் வழக்கம்தான். யாரை, எந்தக் கடனுக்கு என்று ஒருவரும் விசாரித்ததில்லை.

“அவர் என் மேனேஜர்” என்றான் லோனி.

சுவரில் குலுக்கல் விளம்பரம் இன்னும் ஒட்டியிருந்தது. எம்மெட் தலைக்கவசத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, வியாழக்கிழமைக்குள் பணம் சேர வேண்டும் என்ற வேண்டுகோள். அதற்கும் கீழே, நேரில் வர முடியாதவர்கள் நாடீன் ஷிமான்ஸ்கி பெயருக்குக் காசோலை எழுதி இன்ன வங்கியின் இன்ன கிளையில் கட்டலாம் என்று வங்கியின் பெயரோடு தடித்த எழுத்தில் இருந்தது. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதே நாடீன்தான். மதுக்கடை, சலூன், கறிக்கடை என்று ஒரு கண்ணாடி விடாமல் ஒட்டியிருந்தார்கள்.

“எங்க ஆபீஸ் சாப்பாட்டு ரூம்லயும் ஒட்டினேன்” என்றான் லோனி. அவன் குரல் எங்கோ கீழே போயிருந்தது. “மைக்ரோவேவுக்கு மேல. எல்லாரும் நின்னு படிச்சாங்க. கீன் காப்பியோட வந்தார், ரொம்ப நேரம் படிச்சார். பாவம்பா உங்க மச்சான்னு சொன்னார். இருபது டாலர் குடுத்தார்.”

“இருபது டாலரா?” என்றார் ஸ்டான்.

“குலுக்கலுக்கு.”

அந்த இருபதும் சேர்ந்துதான் இப்போது முடங்கிக் கிடந்தது.

“அது திவால் ஆன கணக்குன்னு அவருக்குத் தெரியாதா லோனி?” என்று கேட்டாள் நாடீன்.

லோனி அக்காவைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான். “திரையில காட்டும். சிவப்பா ஒரு குறி இருக்கும். விலை மலிவா வாங்கற கடன் கட்டுங்கள்ல பாதி அப்படித்தான். குறிய எடுத்துட்டு வசூல் ஓட்டச் சொல்லுவாங்க. நூறு பேர்ல பத்துப் பேரு பயந்து கட்டிடுவாங்க.”

“நீயும் ஓட்டியிருக்க.”

“எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க நாடீன்.”

நாடீன் பெட்ரூச்சி சொன்ன வழியைச் சொன்னாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டால், லோனியும் இந்தக் குறியைப் பற்றி எழுதிக் கொடுத்தால், காலையில் நீதிபதி முன்னால் போய்ப் பார்க்கலாம். ஒருவேளை கேட்பார்.

“ஒருவேளையா?” என்றாள் டெஸ்.

“ஒருவேளைதான்.”

“என் புருஷன் ராத்திரி உக்காந்துக்கிட்டே தூங்கறான். படுத்தா மூச்சு நின்னுடும்னு பயம். வரிசையில பேரு சேர ஒரு நாள் தப்பினா ஆஸ்பத்திரியோட அடுத்த கூட்டம் எப்பன்னு யாருக்கும் தெரியல. நீ ஒருவேளைங்கற.” டெஸ் எழுந்து நின்றாள். அவள் அழவில்லை. “குடுத்துத் தொலை. அவனுங்க கேட்டதக் குடுத்துத் தொலை.”

“டெஸ், அது அநியாயம். செத்த கடனுக்கு...”

“அநியாயம்னு எனக்குத் தெரியாதா? எனக்கு வியாழக்கிழமை வேணும்.”

ஸ்டான் கை தூக்கச் சொன்னார். அவரும் டெஸ்ஸும் தூக்கினார்கள். லோனி கடைசியாகத் தூக்கினான், யார் முகத்தையும் பார்க்காமல். எழுதிக் கொடுக்கத் தேவையில்லாமல் போன நிம்மதி அவன் தோளில் தெரிந்தது. நாடீன் அதைப் பார்த்தாள். குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

நாடீன் வெளியே போய்ப் பனியில் நின்றபடி கீனுக்கு அழைத்தாள். வக்கீல் சொன்னபடி பக்கத்தில் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டிருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

“நல்ல முடிவு நாடீன்” என்றார் கீன். “எம்மெட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க.”

உள்ளே திரும்பியபோது ஸ்டான் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார். டெஸ் வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள்.

“அந்த மூவாயிரத்தைந்நூறு எம்மெட்டோடது” என்றாள்.

“தெரியும். தந்துடுவேன்.”

“சம்பளத்துக்குச் சம்பளம் தா. இதுக்கும் நீதிமன்றத்துக்குப் போயிடாத.”

அந்த வார்த்தை நாடீனின் நெஞ்சில் போய்த் தைத்தது. ஆனாலும் டெஸ் சொல்வதில் தவறு எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. சட்டம் அழித்த கடன் ஒன்று இருந்தது. எந்தச் சட்டமும் அழிக்காத இடத்துக்கு அது வந்து சேர்ந்துவிட்டது.

பணம் புதன்கிழமை மாலை விடுபட்டது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் காட்டினார்கள். எம்மெட்டின் பெயர் வரிசையில் சேர்ந்தது. சிக்மண்ட் காத்திருக்க ஒப்புக்கொண்டார். “கறிக்காரனுக்குக் காத்திருக்கச் சொல்லித் தரணுமா? ஃப்ரீசர் வச்சிருக்கேன்” என்றார். ஆனால் அதற்குப் பிறகு தீயணைப்புக் கூடத்தில் மீன் வறுவல் விற்கிற வெள்ளிக்கிழமைகளில் நாடீனைக் காசு வாங்கும் மேஜையில் உட்காரவைக்கவில்லை. முட்டைக்கோஸ் நறுக்கச் சொன்னார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. மேஜையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். பெட்ரூச்சி மட்டும் ஃபோனில் கத்தினார். “குடுத்துட்டியா? இப்ப கேட்டா, அவளா விரும்பிக் குடுத்தான்னு சொல்லுவானுங்களே!”

முதல் சம்பளம் வந்த அன்று நாடீன் உறையை எடுத்துக்கொண்டு டார்சி வீட்டுக்குப் போனாள். முன்னறையில் எம்மெட் சாய்வு நாற்காலியில், மூக்கில் குழாயோடு, சத்தத்தைக் குறைத்துவிட்டு ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தான். கையைத் தூக்கி ஆட்டினான். டெஸ் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப் போய், உறையை வாங்கிப் பிரித்து, எண்ணினாள். நாடீன் பக்கத்திலேயே நின்று பார்க்கும்படி எண்ணினாள்.

“சரியா இருக்கு” என்றாள். “காப்பி இருக்கு, குடிக்கறியா?”

நாடீன் பதில் சொல்வதற்குள் அவள் ஃபோன் அடித்தது. தெரியாத எண். கீனுக்கு அழைத்ததிலிருந்து புது எண்ணும் அவர்கள் கையில்தான் இருந்தது. அவள் அதை அணைக்கப் போனாள்.

“யாரு?” என்றாள் டெஸ்.

“அவங்களாத்தான் இருக்கும்.”

“பாதி வாங்கிட்டு முடிச்சுக்கறேன்னு சொன்னானே?”

“மிச்சப் பாதிய வேற யாருக்காவது வித்திருப்பான்.”

டெஸ் ஒரு கணம் அந்த ஃபோனையே பார்த்தாள். பிறகு அதை வாங்கி மேஜையில் வைத்து, ஒலிபெருக்கியை அழுத்தினாள். தன்னுடைய ஃபோனை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பதிவைத் தொடங்கினாள்.

“நாடீன் ஷிமான்ஸ்கியா?” என்றது ஒரு பெண் குரல். இளம் குரல், களைத்த குரல். “உங்க பழைய கணக்குல ஒரு பாக்கி இருக்கு. போன மாசம் நீங்களே ஒத்துக்கிட்டுப் பணம் கட்டியிருக்கீங்க.”

நாடீன் டெஸ்ஸைப் பார்த்தாள். டெஸ் தலையசைத்தாள், மேலே பேசு என்பதுபோல.

“அந்தக் கடன் திவால்ல தீர்ந்துபோச்சு” என்றாள் நாடீன், ஒவ்வொரு வார்த்தையாக.

“திவால்னு எல்லாரும்தான் சொல்றாங்க மேடம். கட்டறவங்க கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. கட்டலைன்னா மறுபடி பேங்குக்குத்தான் போகும். உங்களுக்கு அந்த அனுபவம் இருக்குமே.”

“உன் பேரு என்ன?” என்றாள் டெஸ்.

மறுமுனை ஒரு நொடி தடுமாறியது. “யாரு பேசறது?”

“நான் இங்க பக்கத்துல உக்காந்திருக்கறவ. உன் பேரச் சொல்லு, கம்பெனி பேரச் சொல்லு. அப்புறம், இப்ப சொன்னத மறுபடி ஒரு தடவ சொல்லு.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. முன்னறையில் எம்மெட்டின் இயந்திரம் காற்றை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

டெஸ் பதிவை நிறுத்தினாள். “இது உன் வக்கீலுக்குப் போதுமா?”

“தெரியல. கேட்டுப் பார்க்கறேன்.”

“என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டா நான் வந்து சொல்றேன். லோனிய எதிர்பார்க்காத.” அவள் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்து, காப்பியை ஊற்றினாள். பிறகு மேஜையிலிருந்த உறையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். “இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அடுத்த சம்பளத்துக்கு வா.”

“வரேன்” என்றாள் நாடீன்.